முப்பதடி கேபிள்

மரமில்லாச் சமவெளி என்று பொருளாம்
நல்லார்பார் என்ற பெயருக்கு.
மூன்றாம் நாள் ஒன்று கிடைத்தது.
நிழல் பார்த்து வேனை நிறுத்தினேன்.

"கிளை வானத்தை மறைக்குது" என்று
ஆன்டெனாத் தட்டைத் தூக்கிக்கொண்டு
வெயிலுக்குள் நடந்தாள் டேவினா,
கேபிள் விறைத்து
இனி வரமாட்டேன் என்னும் வரை.

ஒன்பது முறை தேடியது.
பத்தாவதில், ஹோபார்ட்டிலிருந்து
அவள் தங்கை மகள்,
பிறந்து ஆறு மணி நேரம்.
வாயைத் திறந்தாள்.
பாதிக் கொட்டாவியில்
அப்படியே நின்றுவிட்டாள்.

வெளியே, தட்டின் மேல்
ரோஜா நிறக் கொண்டைக்கிளி.
விரட்ட எழுந்த என் சட்டையைப்
பிடித்து உட்காரவைத்தாள் டேவினா.
"இருக்கட்டும். நகராம இருக்கா,
நல்லாப் பார்க்கலாம்."

பார்த்தோம்.
எனக்குக் கொட்டாவி வந்தது,
பிறகு அவளுக்கும்.

கிளி தானாகப் பறந்தபோது
திரையில்
தூங்கிப்போயிருந்தது குழந்தை.