ஆறாவது போல்ட்

தொண்ணூற்றெட்டில் கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.
போவெட்ஸில், மரக்கடை மாடியில்,
பதினொரு பேர், புகைகிற ஓர் அடுப்பு.
கடைசிக் கூடத்துக்கு ஏறும் சுவரில்
இரும்பு கூடாது.
ஏற முடிந்தவர் ஏறட்டும்.
முடியாதவர் அண்ணாந்து பார்த்துவிட்டுத்
திரும்பட்டும்.
ஏழுக்கு நாலு.
நியாயம்தான் என்று சீட்டியடித்தபடி வீட்டுக்கு நடந்தேன்.
இப்போது தோன்றுகிறது:
அன்று வாக்களித்தவை
என் தோள்கள்.

ஏழே மீட்டர்தான் அந்தச் சுவர்.
நனைந்த சுண்ணாம்புக்கல், சோப்புக்கட்டிபோல்.
நடுவில் இரண்டு விரல் நுழையும் ஒரு பிளவு.
அதற்கு மேலே இடக்காலை
இல்லாத ஒன்றின்மேல் வைக்கவேண்டும்.

போன அக்டோபரில் ததேய் அப்படி வைத்து
மேலே போனான்.
போனவன் கூடத்துக்குள்
தொடையெலும்பை முறித்துக்கொண்டான்.
பத்தொன்பது மணி நேரம்.
மீட்புக்காரர்கள் டிரில்லோடு வந்தார்கள்,
தீர்மானப் புத்தகத்தைக் கேட்கவில்லை.
ஒரு துளைக்கு நாற்பது நொடி.
ஆறு துளை.
கீழே ஸ்ட்ரெச்சர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு
ஒவ்வொரு துளைக்கும் நன்றி சொன்னேன்,
வாய்விட்டு,
மாதா கோயில் பக்கமே போகாத நான்.

படி என்று ஒன்று இருந்தால்
ஏறத்தான் செய்வார்கள்.
பனி உருகியதும் ஏறினார்கள்.
ட்ரியெஸ்டேயிலிருந்து இருவர்,
பிறகு ஒரு கல்லூரிக் கூட்டம்.
ஜிப்சம் பூக்களில் ஒன்றைக் காணோம்.
அது இருந்த இடம்
பல் பிடுங்கிய ஈறு.

அதே மாதம், அதே கூடத்தில்,
வலக்கை முழங்கையோடு நின்றுபோன நெவென்கா
விளக்கை அணைத்துவிட்டு
நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தாள்.
முப்பது வருடம் அந்தச் சுவரின் அடிவரைக்கும்
எங்கள் மூட்டைகளைச் சுமந்தவள்.
வெளியே வந்து எதுவும் சொல்லவில்லை.
தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துத் தந்தாள்.

ஜூனில் மறுபடி கூட்டம், மறுபடி கைகள்:
கழற்று.
நெவென்காவுக்கு அன்று பால்பண்ணையில் இரவு வேலை.
அவளைக் கேட்கவில்லை என்பது
நாற்காலிகளை மடக்கும்போதுதான்
யாருக்கோ நினைவு வந்தது.

ஸ்பேனர், பசை, சலித்த கல்பொடி ஒரு டப்பா.
சுவரின் அடியில்
எண்பத்தாறில் கார்பைட் புகையால் எழுதிய பெயர்கள்.
மூன்றாவது என்னுடையது.
அதைத் துடைக்கச் சொல்லி எந்தத் தீர்மானமும் இல்லை.
சங்கத்தின் துண்டறிக்கையில்
அதற்கு வரலாறு என்று பெயர்.

ஆறையும் பிடித்து மேலே ஏறினேன்.
ஆறாவதன் மரையில் ஸ்பேனரை வைத்தபிறகுதான்
உறைத்தது.
இதைக் கழற்றினால்
இது இல்லாமல் இறங்கவேண்டும்.
கயிற்றில் பாரத்தைப் போடாமல்
ஒருமுறை ஒத்திகை பார்த்தேன்.
இடக்கால் அந்த இல்லாததைத் தேடியது,
தேடியது,
முழங்கால் தையல் இயந்திரம்போல் ஆடியது.
ஐம்பத்தெட்டு வயது.
மேலே திரும்பிக் கொஞ்ச நேரம்
டப்பாவின் மூடியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஆறாவதில் தொங்கி
ஐந்தாவதைக் கழற்றினேன். நான்காவதை.
துளையில் பசை, பசைமேல் பொடி,
பொடிமேல் கட்டைவிரல்.
நாளைக்கு எனக்கே தெரியாது
எது துளை, எது கல் என்று.
தரைக்கு வந்து கயிற்றை உருவினேன்.
மேலே அந்த வளையத்தினூடே ஓடி
காலடியில் விழுந்தது.

நெற்றி விளக்கில் அது மினுங்குகிறது.
இனி அதைத் தொட
அது தேவைப்படாத ஒருவரால்தான் முடியும்.

பதிவேட்டில் எழுதினேன்: கழற்றியவை ஐந்து.
மிச்சம் என்ற கட்டத்தில்
பேனா மை விடவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலில் நெவென்கா
ஈரக் கயிற்றை ஒற்றைக் கையால் சுருட்டினாள்,
பற்களால் முடிச்சை இறுக்கினாள்.
கழற்றி மடக்கக்கூடிய ஏணி,
கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்துவிடுகிற ஏணி,
எவ்வளவு கனம் இருக்கும் என்று கேட்டாள்.
பதினொரு கிலோ என்றேன்.
அந்தக் குறுகல் வளைவுகளில் போகுமா?
துண்டு துண்டாகப் போகும்.

நாலு பேர், என்றாள்.
எனக்காக என்று சொல்லவில்லை.
நான் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்:
யார் யார் வருவார்கள் என்று.