பூஜ்ஜியத்துக்கு அரைக்கிலோ ஜாங்கிரி

பவுடர் போடாம வாங்கக்கா என்றிருந்தாள் போனில்.
துகள் ஒட்டியிருந்தால் படத்தில்
சுண்ணாம்புப் புள்ளிபோலத் தெரியுமாம்.
முகத்துக்கும் போடாமல் போனேன்,
அனுப்பர்பாளையத்திலிருந்து அவிநாசி ரோடு வரை
பைக்கின் பின்னால், எண்ணெய் வழிய.

தாலிக்கொடியை முதுகுப் பக்கம் தள்ளிக்கொள்ளச் சொன்னாள்.
கீழ்த்தட்டு சில்லென்றிருந்தது.
மேல்தட்டு இறங்கியது.
'நசுக்குனாத்தானுங்க ஒண்ணுமேல ஒண்ணு கெடக்கறது வெலகும்.
மூச்சப் புடிங்க.'
இடதுக்கு இரண்டு, வலதுக்கு இரண்டு.

பனியன் கம்பெனியில் நானும் இதைத்தான் செய்கிறேன்.
டியூப்லைட்டுக்குக் கீழே துணியை விரித்து, நீவி,
ஓட்டை, கறை, விட்டுப்போன தையல்
எங்கிருந்தாலும் சிவப்பு அம்புக்குறி ஒட்டுவேன்.
ஒரு ஷிப்டுக்கு எண்ணூறு பீஸ்.
மேசைக்கு அந்தப் பக்கம் இருந்ததில்லை.

கம்பெனி இன்சூரன்ஸ் கார்டை நீட்டினேன்.
பில் போடும் பையன் தலையைத் தூக்கவில்லை:
'பெட்ல படுத்தாத்தானுங்க கிளெய்ம்.
படமெடுத்தா கெடையாது.'
நோவு இருந்தால் பணம் உண்டு.
இருக்கிறதா என்று தேடுவது நம் செலவு.
சீட்டுக்கு வைத்திருந்ததில் ஆயிரத்து அறுநூறு.
எவ்வளவு ஆச்சு என்றார் அவர், பைக்கைத் துடைத்துக்கொண்டே.
சொன்னேன்.
வரும் வழியில் பெட்ரோல் போடவில்லை.

வெள்ளிக்கிழமை எடுத்தது.
சனி, இரவு பன்னிரண்டு வரை ஷிப்மெண்ட்.
ஞாயிறு டாக்டர் வரமாட்டாராம்.
குளிக்கையில் வலது பக்கம் சோப்பு போனது,
கை போகவில்லை.
திங்கள் ஒறம்பரை வந்திருந்தார்கள்.
அரிசிம்பருப்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டுவிட்டேன்.
ஒருத்தரும் சொல்லவில்லை, தண்ணீர்தான் நிறையக் குடித்தார்கள்.

செவ்வாய் மத்தியானம்
ரிப்போர்ட் அவர் போனுக்குத்தான் வந்தது.
இங்கிலீஷ் முழுக்கத் தள்ளித் தள்ளி
கடைசியில் ஒரு எண் மட்டும் பிடிபட்டிருக்கிறது.
'பூஜ்ஜியம்னு போட்டிருக்குது அம்மணி!
ஒண்ணுமில்லையாமா!'
செக்கிங் ஹாலின் சத்தத்திலும்
குரல் உடைவது கேட்டது.

படமெடுத்த ரெஜினாவைக் கூப்பிட்டேன்.
'பூஜ்ஜியம்னா இல்லைன்னு அர்த்தமில்லீங்கக்கா.
இன்னும் தெரியலைன்னு.
வலது பக்கம் வெள்ளையா மூடியிருக்குது.
அந்த எடத்த மட்டும் இன்னொருக்கா நசுக்கிப் பாக்கோணும்.'
எங்கள் கம்பெனியில்
பூஜ்ஜியத்துக்குத்தான் போனஸ்.

பொழுதோட வீட்டுக்கு வந்தால்
அரைக்கிலோ ஜாங்கிரி.
டப்பாவின் நூலைப் பல்லால் கடித்து அவிழ்க்கிறார்,
பெட்ரோல் போடாத மனுசன்.
மீசையில் பாகு.
எனக்கும் ஒன்று தருகிறார், பெரிசாகப் பார்த்து.
தின்கிறேன். நல்லாத்தான் இருக்கிறது.

இரண்டாவதை எடுக்கிறார்.
அதுவும் முடியட்டும்.
கையைக் கழுவிட்டு வாங்க என்பேன்.
அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.