கணுக்கால் அளவு

மேல்விஷாரம். கீழே தோல் வாடை,
மாடியில் நானும் ஒரு பழைய கணினியும்.
கொடுத்த வேலை இவ்வளவுதான்:
ஷூ தைக்கிற பெண்கள் நூற்றெண்பத்தேழு பேர்,
வேன் ஒன்பது,
ஏழு மணிக்கு ஷிப்ட் விட்டதும்
யார் எதில் ஏறி எங்கே இறங்குவது.

விதி மூன்று.
வேனுக்கு இருபத்திரண்டு பேர்.
ஒன்பதரைக்குள் வண்டி திரும்ப வேண்டும்.
இருட்டில் ஒருத்தி தனியாக இறங்கக் கூடாது.

மீறவே கூடாது என்று முதலில் எழுதினேன்.
தேடல் இரண்டு தெரு சுற்றிவிட்டு உட்கார்ந்துகொண்டது.
பிறகு பாலாற்றை நினைத்தேன்.
வெள்ளம் போனால்
இக்கரைத் திட்டம் இக்கரையிலேயே கிடக்கும்
அக்கரையில் அதைவிட நல்லது இருந்தாலும்.
வெறும் மணலானால்
ஆறென்ற நினைப்பே இல்லாமல் லாரி இறங்கும்.
வேண்டியது கணுக்கால் அளவு தண்ணீர்.
கடக்கலாம்,
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு.

எத்தனை அபராதம் வைத்தால் கணுக்கால்?
எனக்குத் தெரியாது. நிரலையே கேட்டேன்:
பத்துச் சுற்று விடாமல் மீறினால் எடையை ஏற்று,
பத்துச் சுற்று விடாமல் அடங்கினால் இறக்கு.
மூன்றுக்கும் பத்துப் பத்து வைத்துவிட்டு
டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது
முதல் விதி ஏழுக்கும் பதினொன்றுக்கும் நடுவே
மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.
இரண்டாவது நாற்பதில் தள்ளாடியது.
மூன்றாவது
ஏறிக்கொண்டே இருந்தது.
அறுநூறு. எண்ணூறு. ஆயிரத்து நூறு.
அதன் பாரத்தில் மற்றதெல்லாம் கோணிக்கொண்டு
குடியாத்தம் பெண்களை
பள்ளிகொண்டா வழியாக ஒடுகத்தூர் வரை இழுத்துப்போனது.

யார் என்று பார்த்தேன்.
ஒரே பெயர். அமுலு.
ஒடுகத்தூர் தாண்டி, மலையடியில்,
அந்த ஊரிலிருந்து வருகிற ஒரே ஒருத்தி.
எந்த வேனில் ஏற்றினாலும் கடைசியில் அவள்தான்.
தீராத விதி, தீராமல் ஏறும் எடை.

ஜக்கரியா பாய் எட்டிப் பார்த்தார்.
"நூத்தி எண்பத்தாறு பேருக்கு சரியா வருது இல்ல?
ஒண்ணுதானே."
ஆயிரத்துக்கு மேல் ஏறாதே என்று
ஒரு வரி சேர்த்தேன்.
சுருக்கென்று வந்தது விடை, அழகான விடை.
அப்போதுதான் புரிந்தது
அவள் பயத்துக்கு நான் விலை எழுதிவிட்டேன் என்று.

அச்செடுக்கவில்லை. அன்றைக்கு
நானே வேனில் ஏறினேன்.
அணைக்கட்டில் ஆறு பேர், ஒடுகத்தூரில் ஒன்பது,
அப்புறம் அமுலு, நான், டிரைவர் முனிரத்தினம்.
புளியமரத்தடியில் வண்டி நின்றது.
அவள் இறங்கினாள், டிபன் பாக்ஸ் குலுங்க.
வண்டி நகரவில்லை.
முகப்பு விளக்கு ஒற்றையடிப் பாதை முழுக்க
அவளுக்கு முன்னால் நடந்துபோனது.
தூரத்தில் ஒரு கதவு திறந்தது, ஒரு கை அசைந்தது.
முனிரத்தினம் கியர் போட்டார்.

"தினமும் இப்படியா?"
"பின்ன இன்னா மேடம். மூணு நிமிசம் ஆவும்.
லேட்டுன்னு சீட்டு கிழிப்பாங்க, கிழிச்சுக்கட்டும்."

மறுநாள் விதியைத் திருத்தினேன்:
தனியாக இறங்கலாம்,
கதவு திறக்கும் வரை வெளிச்சம் நின்றால்.
செலவு: மூன்று நிமிடம்.
உச்சவரம்பு வரியை அழித்தேன்.

ஆயிரம், எழுநூற்றெழுபது, ஐந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
இறங்குகிறது.
இந்தப் பக்கம் ஒன்பதரை மணி விதி
நாற்பதிலிருந்து மெல்ல ஏறத் தொடங்கியிருக்கிறது.
ஏறட்டும்.
அது எங்கே போய் நிற்கிறதோ
அந்த எண்ணை எடுத்துக்கொண்டு
பாய் அறைக்குப் போக வேண்டும் நான்.