ரொவீனாவின் கணக்குநோட்டு

மூன்று வாரம் குப்புறக் கிடந்து எடுத்த படங்களை
ஒரு பறவை தூக்கிக்கொண்டு போய்விட்டது.

நினைவட்டைகள் எல்லாம் இருந்த சிவப்புப் பை.
நிறைந்த அட்டையைக் கழற்றி அதற்குள் போட்டேன்,
மூக்கைத் துடைக்கத் திரும்பினேன், அவ்வளவுதான்.
ஃபாக்லாந்தின் மேற்கோரம், மரமே இல்லாத தீவு,
இங்கே அதை ஜானி ரூக் என்பார்கள்:
பருந்தின் முகம், காக்கையின் புத்தி,
கோழியின் ஓட்டம்.
ஓடித்தான் திருடியது. பறந்தது அப்புறம்.

"சிவப்பென்றால் உயிரை விடும்" என்றாள் ரொவீனா,
கெட்டிலைக் கரி அடுப்பிலிருந்து இறக்கியபடி.
போன வருஷம் ஒரு கம்பளித் தொப்பி,
அதற்கு முன் ஸ்பானர்,
பல்செட் ஒன்றின் கீழ்ப்பாதி.
யாருடையது என்று சொல்லவில்லை.
ரோமம் கத்தரிக்கச் சிலியிலிருந்து வந்த எலாடியோ
வாயை மூடிக்கொண்டு சிரித்தான்.

ஆளுயர டஸ்ஸாக் புல்லுக்குள் மதியம்வரை தேடினோம்.
கடல்சிங்கம் படுத்திருக்குமென்று
எலாடியோ தகரத்தைத் தட்டிக்கொண்டு முன்னால் போனான்.
கூடு கிடைத்தது. தாய் உட்கார்ந்திருந்தது.
அதன் வயிற்றடியில் சிவப்பாய் ஒரு நுனி.
"முட்டை இருக்கும். எழுப்பாதே."
திரும்பினோம்.

என்னென்ன போயிற்றென்று
அன்றிரவு அவர்களிடம் சொல்லிப் பார்த்தேன்.
முட்டையை அலகால் புரட்டிய அல்பட்ராஸ்,
அதன் புருவத்து மை.
இரண்டு காலையும் சேர்த்துக் குதித்துக் குதித்துச்
செங்குத்துப் பாறை ஏறிய பென்குவின்கள்,
ஈரம் சொட்டச் சொட்ட,
பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் மாதிரி.
சொல்லச் சொல்ல ஒவ்வொன்றும்
கொஞ்சம் அழகாகிக்கொண்டே போயிற்று.
பயந்து நிறுத்திக்கொண்டேன்.

ரொவீனா கணக்குநோட்டை எடுத்து வந்தாள்.
காற்று, மழை, ஆடு, வந்த பறவை, போன பறவை.
இருபத்தாறு வருஷப் பென்சில் எழுத்து.

நவம்பர் ஒன்பது. வடமேற்குக் காற்று. கிடா ஒன்று செத்தது.
விருந்தாளி காலை ஏழிலிருந்து பாறைமேல்.
நவம்பர் பன்னிரண்டு. ஆலங்கட்டி. விருந்தாளி அசையவில்லை.
அல்பட்ராஸ் ஒன்று அவர் பூட்ஸ் கயிற்றை இழுத்துப் பார்த்து
பிடிக்காமல் விட்டது.
நவம்பர் பதினாறு. வெயில்.
விருந்தாளி பறவைகளோடு பேசுகிறார். என்ன பாஷையோ.

பேசினேனா?
பூட்ஸ் கயிறு அவிழ்ந்து கிடந்தது ஞாபகம் இருக்கிறது.
நான்தான் சரியாகக் கட்டவில்லை என்று நினைத்திருந்தேன்.

அன்றைய தேதிக்குக் கீழே
நாக்கை ஓரமாய்க் கடித்துக்கொண்டு எழுதினாள்:
ஜானி ரூக், ஒன்று. சிவப்புப் பை, ஒன்று.

காலையில் குட்டி விமானம் இறங்கும் புல்தரையில்
எலாடியோ வாத்துகளை விரட்டிக்கொண்டிருந்தான்.
காற்றின் திசை காட்டும் துணிக்குழாய்க் கம்பத்தின்மேல்
அது.
கழுத்தில் வெள்ளைக் கீற்றுகள். வெறும் அலகு.
கேமராவை உயர்த்தினேன்.
உள்ளே அட்டை இல்லை.
அழுத்தினேன்.

அந்தச் சத்தத்துக்குத் தலையைச் சாய்த்து
என்னைப் பார்க்கவில்லை,
என் விரலிடுக்கில் இருந்த
லென்ஸ் மூடியைப் பார்த்தது.