புல எண் 214/3

ஆவாரந்தாங்கலில் ராமன் என்று எவனும் தோட்டம் வைத்ததில்லை.
அ-பதிவேட்டில் மட்டும் இருக்கிறது
ராமந்தோட்டக் கிணறு, சர்க்கார் புறம்போக்கு.

தண்ணீர் மாதிரி எடுக்கப் போன மூன்றாம் முறை
மோட்டார் மேடைக்கு அடியில்
சிமெண்டு பெயர்ந்த இடத்தில் ஒரு கல் பல்லைக் காட்டியது.
துடைப்பக்கட்டையால் தேய்த்தோம், நானும் சம்பூர்ணமும்.
மேலே இங்கிலீஷ். கீழே,
தமிழ் தெரியாத உளி தட்டுத் தடுமாறிக் கொத்தியது:
ஐராந் தாட்டு கவர்னர் துரையவர்கள் தருமம்.
தாது வருஷம்.

ஐராந்தாட்டு. ராந்தாட்டு. ராமந்தோட்டு. ராமந்தோட்டம்.
ஒரு அமெரிக்கனைத் தேய்த்துத் தேய்த்து
ஊர்க்காரனாக்க
நாக்குக்கு நாற்பது வருஷம் போதும்.

ராணிப்பேட்டை மிஷன் அலமாரியில்
ஆயர் ஆரோன் தயானந்தம் தூசி தட்டிக் கொடுத்த அறிக்கையில்
ஹைரம் தாட்டின் வாழ்க்கை ஒன்றரைப் பக்கம்,
முழுக்கப் புகழ்ச்சி.
மீதியை ரெண்டு ராத்திரி செல்போனில் துழாவினேன்.

தோல் பதனிடுகிறவன் மகன்.
ஓக் பட்டையும் சுண்ணாம்பும் நாற வளர்ந்தவன்.
(இங்கே ஆவாரம்பட்டை. நாற்றம் ஒரே ஜாதிதான்.)
உள்நாட்டுச் சண்டையில் பட்டாளத்துக்கு
நாற்பதாயிரம் ஜோடி பூட்ஸ் கொடுத்தான்.
முதல் மழைக்கே அடித்தோல் பிளந்து
உள்ளேயிருந்து அட்டை வந்ததாம்.
வழக்கு நிற்கவில்லை.
சாட்சிகள் பாதிப்பேர் வெறுங்காலோடு புதைந்திருந்தார்கள்.

பிறகு தேர்தலில் நின்று
முன்னூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் கவர்னர் ஆனான்.

கவர்னருக்கா ஓட்டு? என்றாள் சம்பூர்ணம்.
அந்த ஊரில் அப்படித்தான்.
அப்போ கையைக் கூப்பிக்கிட்டு வாசலுக்கு வருவாரா?
வந்திருப்பான்.
பூட்ஸைக் கழற்றியிருக்க மாட்டான்.

ரயில் கம்பெனிக்கு நிலம் எழுதிக் கொடுத்தான்.
பைத்தியக்கார ஆஸ்பத்திரி ஒன்று கட்டினான், அது இன்னும் நிற்கிறது.
தூக்குக் கயிற்றிலிருந்து ஒருத்தனை இறக்கினான்,
ரெண்டு பேரை இறக்கவில்லை.
ஆலைக்குக் கீழே ஆறு கறுத்துப் போச்சு, மீன் மிதக்குது என்று
நூற்றுப் பதினேழு குடியானவர்கள் கைநாட்டு வைத்த மனு
அவன் மேஜை டிராயரில் கிடந்து
அவன் போன பிறகு கிடைத்தது.
எனக்கு அந்த டிராயரைத் தெரியும்.
எங்கள் ஆபீஸில் அது மூன்றாவது, இழுத்தால் பாதியில் சிக்கும்.

அடுத்த தேர்தலில் தோற்று வீட்டுக்கு வந்த குளிர்காலம்
சர்ச்சில் ஒரு கடிதம் வாசித்தார்கள்.
வடாற்காட்டில் சனங்கள் கற்றாழைக் கிழங்கு தின்கிறார்கள்,
பாலாற்று மணலைக் கையால் தோண்டுகிறார்கள்.
இருநூறு டாலர் எழுதினான்.
இரக்கம் என்கிறது அறிக்கை.
பூட்ஸ் என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.
அல்லது அன்றைக்கு அவனுக்கு நன்றாகத் தூக்கம் வந்திருக்கலாம்,
யார் கண்டது.

முப்பத்தெட்டு அடி. வெட்டியவர் பெயர் எங்கேயும் இல்லை.
கூலி மட்டும் உண்டு,
ஆணுக்குப் படி ஒன்று, பெண்ணுக்கு முக்கால்.

இப்போது தண்ணீர் மஞ்சள்.
பழைய கழிவு மேடம், எங்க காலத்துது இல்ல
என்கிறார் கம்பெனி சூப்பர்வைசர் வஹீது பாய்.
பொய் சொல்லும் முகமில்லை அவருக்கு.
அவர் பல்லும் மஞ்சள்தான், அதே கிணறு.

சம்பூர்ணம் அங்கே அடித்தோல் ஒட்டுகிறாள்.
பெட்டி மேல் ஒட்டும் சீட்டைக் காட்டினாள் ஒருநாள்.
ஹைரம் தாட் ஆண்ட அதே மாநிலம்.
நாங்க அட்டை வெக்கிறதில்ல, என்றாள்,
எத்தனை மழைக்கும் தாங்கும்.

பாட்டில் சீட்டில் ஆதாரத்தின் பெயருக்கு ஒரு கட்டம்.
கவர்னர் என்று எழுதி அடித்தேன்.
ராமந்தோட்டம்.
நிறம், வாசனை, நேரம்.
இடுப்புக் குடத்தை இறக்காமல்
நான் எழுதி முடிக்கக் காத்திருந்தாள்.
துவைக்கத்தான், என்றாள்,
நான் கேட்காமலே.