குடும்பச் செய்தி மட்டும்

செஞ்சிலுவைப் படிவத்தின் தலையில் அப்படித்தான் அச்சடித்திருந்தது.
மல்லாவிக் கந்தோரில் அவற்றை வாசித்து அனுப்புவது என் வேலை.
விலைவாசி, ஆமி, ஊர் நிலவரம் என்று கண்டால்
கறுப்பு மையால் அடிக்கவேண்டும்.

குலவீரசிங்கம் வவுனிக்குளத்தில் துருசு திறப்பவர்.
தண்ணீர்க் கணக்குக் கொப்பியின் பின்பக்கங்களில்
நான்கு நாடகம் எழுதியவர். ஒன்றும் அச்சேறவில்லை.
இரண்டாவதை மேடையேற்றிய இரவு மண்ணெண்ணெய் இல்லை.
ஆறு சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப்
பெடியள் பெடல் சுற்ற
டைனமோ வெளிச்சத்தில் அரசன் செத்தான்.
களைத்தவன் பக்கம் மட்டும் இருட்டு.

களுவாஞ்சிகுடியில் சாமித்தம்பி என்றொருவர்.
இருவரும் நேரில் கண்டதில்லை.
மாதம் ஒரு படிவம் போகும், ஒன்று வரும்.

"மூத்தவள் வாயே திறக்கிறாளில்லை, என்ன செய்ய?"
"கிணற்றடிக்கு அனுப்பு. தனிய விட்டால் பேசுவாள்."
"மாமனார் மூன்றுதரம் வந்துபோகிறார்."
"ஒருதரம் போதும். படலையிலேயே நிற்கட்டும்."

எண்ணிப் பார்த்தேன். அவருக்கு ஏழு பிள்ளைகள்,
இரண்டு மாமனார், கண் தெரியாத ஒரு தங்கை.
நான் அறிய வீட்டில் ஒரேயொரு பெடியன், மயூரன்.
குடும்பச் செய்திதானே என்று முத்திரை குத்தினேன்.

மாரி முடிய மலேரியா.
குளிசை ஏற்றிய லொறி சாவடியில் பதினொரு நாள் நின்றது.
செத்தவீட்டுக்கு நானும் போனேன்.
அடுத்த கிழமை படிவம் தந்தார், அதே சாய்ந்த எழுத்து:
"சின்னவன் போயிட்டான்."
மிச்ச வரியெல்லாம் வெறுமை.

மறுமொழி வர நாற்பது நாள்.
"இவ்வளவு கெதியாய் ஏன் அவனைப் போகவிட்டாய்?
ஆக்கள் இன்னும் அவனோடு பழகவில்லை.
கடைசிவரை வைத்திரு. அவனுக்குப் பேச இருக்கு."

விதிப்படி அடிக்க ஒரு சொல்லும் இல்லை.
மூன்று நாள் லாச்சிக்குள் வைத்திருந்தேன்.
நாலாம் நாள் அவரே வந்து கேட்டார்.

நின்றபடி வாசித்தார். திரும்பவும்.
மடித்துச் சட்டைப்பையில் வைத்து
"சரியாத்தான் சொல்லுறான்" என்றார்.
புதுப் படிவம் ஒன்று. பேனையும் என்னுடையது.
"திருத்திப்போட்டன். இப்ப நடக்கிறான்" என்று தொடங்கினார்.
அதற்கு மேல் நான் வாசிக்கவில்லை.

யோகபுரத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது நாடகம்.
சின்னவன் கடைசிவரை சாகவில்லை.
பெரிதாய் ஒன்றும் பேசவுமில்லை;
தண்ணீர் கேட்டான், ஒரு பாட்டைப் பாதியில் மறந்தான்,
சனம் சிரித்தது.
இடையில் ஒரு கந்தோர்க்காரி வருகிறாள்.
அவளுக்கு மூன்று வசனம்.
லாச்சியைத் திறக்கிறாள், மூடுகிறாள், திறக்கிறாள்.
மூக்குத்தி என்னைப்போலவே வலப்பக்கம்.
எட்டுச் சைக்கிள் சுற்றியும்
அவள் முகத்துக்கு வெளிச்சம் காணாது.