நாற்பத்தொரு பல்லும் சரி

பின்னால தட்டுது பாஸ் என்றார் நேசதுரை.
எப்படித் தட்டுது என்றேன்.
கடன்காரன் கதவைத் தட்டுற மாதிரி.
ஒருக்கா. மறுகா கனநேரம் ஒண்டும் இல்ல.

மீன் வேன். டொல்பின் ஹையேஸ்.
வாழைச்சேனைத் துறையில் விடியமுன் ஏற்றி
மன்னம்பிட்டி தாண்டித் தம்புள்ளைக்கு ஓடுவது.
ரயர்க்கடைக்காரன் ஹப் பெயாரிங் என்றானாம்; மாற்றினார்.
வெல்டிங் கடையில் ஸ்பிரிங் பட்டை என்றார்களாம்;
அதையும் மாற்றினார்.
கட்டாரிலிருந்து மச்சான் போனில் கேட்டுவிட்டு
வித்துப்போடு என்றானாம்.
மாற்ற மாற்ற, தட்டு
வீட்டோடு மாப்பிள்ளையாகிவிட்டது.

வளைவிலயா? இல்ல.
கியர் விழக்குள்ளயா? இல்ல.
பாரம் ஏத்தினா?
ஐஸ் பெட்டி இருந்தாலும் தட்டும்,
வெறும் வேனும் தட்டும்.

லுஹர் முடித்து வந்து
பின்கதவைத் திறந்து படுத்தேன்.
மீன்தண்ணி ஊறிய பலகையில் காதை வைத்தேன்.
அவர் ஓட்டினார், ஓட்டமாவடிப் புதுப் பாலத்தில்,
இருபதில், முப்பதில்,
கால் எடுத்து, கால் வைத்து.

சத்தத்துக்கும் வாய்ப்பாடு இருக்கிறது.
சில்லு ஒருமுறை சுற்ற ஒரு தட்டென்றால் கிரவுண்.
நாலு தட்டென்றால் பினியன், இல்லாவிட்டால் ஷாஃப்ட்.
திரும்பும்போது மட்டுமென்றால்
நடுவில் இருக்கும் சின்னப் பற்கள்.
விரலை மடித்து எண்ணினேன்.
ஏழு சுற்றுக்கு ஒன்று. பிறகு முப்பதுக்கு ஒன்று.
பழைய பாலத்தால் ரயில் போன சத்தத்தில் எண்ணிக்கை பிசகியது.
இறக்கத்தில் அடுத்தடுத்து இரண்டு.
பிறகு ஒன்றுமேயில்லை.

கணக்கில் நிற்காத தட்டு
பல்லில் இருந்து வருவதில்லை.
ஏதோ ஒன்று உள்ளே
இருப்பிடம் இல்லாமல் திரிகிறது.

அக்சல் இரண்டையும் இழுத்து,
பத்து நட்டையும் கழற்றித் தலையை இறக்கினேன்.
கிரவுணை டீசலில் கழுவி விரலால் எண்ணினேன்.
நாற்பத்தொரு பல்லும் சரி.
பினியனில் பத்து. அதுவும் சரி.
மறுபடி எண்ணினேன்.
கூட்டுக்குள் கையை விட்டேன்.
வண்டலாய்ப் போன ஒயிலுக்கடியில் அகப்பட்டது
அரைப் பல்.
ஓரமெல்லாம் தேய்ந்து உருண்டு
பேரீச்சங்கொட்டை மாதிரி.

இருக்கிறதில் ஒன்றும் குறையவில்லையென்றால்
இது முன்னம் இருந்த கிரவுணின் பல்.
செட்டை மாற்றியவன் உடைந்ததைத் தேடவில்லை.
கூட்டைக் கழுவவுமில்லை.
தூ, இதுவும் ஒரு தொழிலா என்று
வாய் வரைக்கும் வந்தது.

அப்போதுதான் விளிம்பைப் பார்த்தேன்.
சிவப்புச் சிலிக்கன்.
கழற்றிப் போட்ட நட்டு ஒவ்வொன்றிலும்
மஞ்சள் பெயின்டில் சின்னக் கோடு.
இறுக்கி முடித்ததற்கு அடையாளமாய்
இந்தப் பக்கத்தில் அந்தக் கோட்டை இழுக்கிறவன்
நான் மட்டும்தான்.

அப்போது வேன் வெள்ளை. ஏறாவூர் ஆளுடையது.
வெள்ளம் வந்த கிழமை,
கரேஜுக்குள் கரண்டைக்கால் தண்ணீர்,
போனை வாயில் கவ்விக்கொண்டு
அந்த வெளிச்சத்தில் மூடினேன்.
பிறகு நீலம் அடித்து விற்றிருக்கிறார்கள்.

என்ன பாஸ்?
பழைய பல் ஒண்டு கிடந்திருக்கு.
விட்டவன் ஆரு?
கை நிறைய ஒயில். துணியைத் தேடினேன்.
துணி என் தோளில்தான் கிடந்தது.

ஒயிலுக்கு மட்டும் காசு சொன்னேன்.
அவர் வேனைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.
இவ்வளவு குறைச்சலா?
அப்ப வருத்தம் இன்னும் உள்ளுக்குத்தான் கிடக்கு.
வெலிக்கந்தையில் ஒருவனிடம் காட்டப்போவதாகச் சொல்லி
எடுத்துக்கொண்டு போனார்.

பாலம் ஏறும்வரை கேட்டபடி நின்றேன்.
தட்டவில்லை.

அந்த வெள்ளக் கிழமையில் மூடினது மூன்று.
ஒன்று இது.
ஒன்று வாகரைப் பக்கம் மணல் ஏற்றும் எல்ஃப்.
மற்றது யாருடையதென்று
கொப்பியில் எழுதவில்லை.